தியேட்டரில் படம் ஏன் மங்கலாக இருக்கிறது, வசனம் ஏன் புரிவதில்லை?

கேள்வி இதுதான்: "வீட்டு டிவியில் கறுப்பு கறுப்பாகவும் படம் பளிச்சென்றும் இருக்கிறது. அதே படம் தியேட்டரில் வெளுத்துத் தெரிகிறது, வசனம் பாதி புரிவதில்லை. தியேட்டர்களின் தரம் நிஜமாகவே இறங்கிவிட்டதா, இல்லை நம் கண் டிவிக்குப் பழகிவிட்டதா?"

கண் பழகியதும் உண்மைதான். ஆனால் தரம் இறங்கியிருப்பதுதான் பெரிய காரணம். இதில் வேடிக்கை என்னவென்றால், தியேட்டருக்கு வந்து சேரும் படக் கோப்பு வீட்டுக்கு வருவதைவிட எவ்வளவோ மேலானது. கெடுவதெல்லாம் அதற்குப் பிறகு, புரொஜெக்டர் லேம்ப்புக்கும் திரைக்கும் நடுவில்.

முதலில் கோப்பைப் பார்த்துவிடலாம். தியேட்டருக்கு அனுப்பப்படும் டிசிபி (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) என்ற கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. நிறத்துக்கு 12 பிட், நிறத் தகவலில் எந்த வெட்டும் கிடையாது, நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட். ஒலி 24 பிட், சுருக்கமே இல்லாதது. 4கே புளூ-ரேயில் 10 பிட்; நிறத் தகவலின் பிக்சல்கள் கால்பங்குதான்; வேகத்தின் உச்சம் சுமார் 128 மெகாபிட். ஓடிடியில் 4கே என்று வருவது பெரும்பாலும் 15 முதல் 25 மெகாபிட், ஒலி 768 கிலோபிட் வரை. பத்து மடங்கு டேட்டா என்பதால் பத்து மடங்கு தரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடிடியின் கோடெக் (சுருக்கும் முறை) முந்தைய ஃபிரேமைப் பார்த்து அடுத்ததைக் கணிக்கிறது, அதனால் குறைந்த டேட்டாவிலேயே நிறைய சாதிக்கிறது. ஆனாலும் இருட்டுக் காட்சி, புகை, மழை, ஃபிலிம் கிரெய்ன் எல்லாம் வரும்போது அது கட்டம் கட்டமாக உடைவதும் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதும் தெரியும். டிசிபி-யில் அந்தத் தொல்லை கிடையாது.

பிக்சல் எண்ணிக்கையில் மட்டும் வீடு முந்தலாம். இன்னும் ஏராளமான திரைகளில் ஓடுவது 2கே புரொஜெக்டர்தான். ஸ்கோப் (மிக அகன்ற) படத்துக்கு அதில் கிடைப்பது 2048 × 858 பிக்சல். திரை அகலத்துக்குச் சமமான தூரத்தில் உட்கார்ந்தால் படம் கண்ணில் 53 பாகைக்கு விரிகிறது, அதாவது ஒரு பாகைக்கு 38 பிக்சல். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியும் எல்லை சுமார் 60. ஆகவே முன்பாதியில் அமர்பவருக்கு 2கே-யின் மென்மை தெரியும். திரை அகலத்தின் இரு மடங்கு தூரத்துக்குப் போனால் அதுவே பாகைக்கு 73 ஆகிவிடுகிறது. அங்கே 2கே, 4கே இரண்டும் ஒன்றுதான். "4கே லேசர்" என்று வாசலில் போர்டு வைத்திருந்தாலும் பின்வரிசைக்காரருக்கு அதனால் பிக்சல் லாபம் எதுவும் இல்லை.

பிக்சலைவிட முக்கியமானது வெளிச்சம். டிஜிட்டல் சினிமாவின் தர அளவு, திரையின் நடுவில் முழு வெள்ளைக்கு 48 நிட் (திரையின் பிரகாச அலகு), பழைய கணக்கில் 14 ஃபுட்-லாம்பர்ட். தியேட்டருக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 38 முதல் 58 வரை. இந்த 48-ஐ எட்ட எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்ப்போம். 12 மீட்டர் அகல ஸ்கோப் திரையின் உயரம் 5 மீட்டர், பரப்பு 60 சதுர மீட்டர். திரையின் கெயின் (வெளிச்சத்தைப் பார்வையாளர் பக்கம் திருப்பும் அளவு) 1 என்றால் 48 × 3.14 × 60, ஏறக்குறைய 9,000 லுமென் (மொத்த வெளிச்சத்தின் அலகு) திரையில் விழவேண்டும். ஸ்கோப் படம் புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் சிப்பின் 1080 வரிகளில் 858-ஐ மட்டுமே பயன்படுத்துவதால் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் அங்கேயே போகிறது. ஆபரேட்டர் அறையின் ஜன்னல் கண்ணாடி கோட்டிங் இல்லாத சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் இரு பக்கப் பிரதிபலிப்பிலும் சேர்த்து இன்னொரு 8 சதவீதம். ஆக, புரொஜெக்டர் 12,400 லுமென் கொடுத்தால்தான் திரைக்கு 48 நிட் கிடைக்கும். அதுவும் கண்ணாடி துடைத்துச் சுத்தமாக இருந்தால்.

செனான் லேம்ப் புதிதாக இருக்கும்போது கொடுக்கும் வெளிச்சத்தை ஆயுள் முழுக்கக் கொடுப்பதில்லை. எலக்ட்ரோடு தேயும், அதிலிருந்து கிளம்பும் டங்ஸ்டன் குவார்ட்ஸ் கண்ணாடியின் உட்புறம் படிந்து கறுக்கும். ஆயுள் முடியும் நேரத்தில் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். அப்போது 48 நிட் 24 ஆகிவிடும். முறையாகச் செய்வதென்றால், புது லேம்ப்பைக் குறைந்த கரன்டில் தொடங்கி, வயதாக ஆகக் கரன்டை ஏற்றி, திரையில் மீட்டர் வைத்து அளந்து 48-ஐத் தக்கவைக்கவேண்டும். சிறிய லேம்ப்புக்குச் சில ஆயிரம் மணி நேரமும், 6 கிலோவாட் வகைக்குச் சில நூறு மணி நேரமும்தான் உத்தரவாதம். பெரிய லேம்ப் விலை அதிகம் என்பதால் உத்தரவாதம் தாண்டியும் ஓட்டுகிறார்கள். அது மங்குவதோடு நிற்பதில்லை. வயதான லேம்ப்பில் ஆர்க் (எலக்ட்ரோடுகளுக்கு நடுவே எரியும் மின்பொறி) ஓரிடத்தில் நிற்காமல் அலையும், வெளிர்ந்த காட்சிகளில் வெளிச்சம் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். உயர் அழுத்த வாயு அடைத்த லேம்ப் என்பதால் வெடித்து உள்ளிருக்கும் ரிஃப்ளெக்டரையும் சேர்த்து நாசமாக்கும் ஆபத்தும் உண்டு. மிச்சம்பிடிக்க நினைத்தது செலவில் போய் முடியும். இன்னொரு சிக்கனம், தொடக்கத்திலிருந்தே குறைந்தபட்சக் கரன்டுக்கும் கீழே ஓட்டுவது. அதிலும் ஆர்க் நிலையாக நிற்காது.

லேசர் வந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். லேசரும் மங்கும், ஆனால் இருபது முப்பதாயிரம் மணி நேரத்தில் மெல்ல மெல்ல. செனான் லேம்ப்பை மாற்றிய அன்று பளிச்சென்று வித்தியாசம் தெரியும். லேசரில் அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. அதனால் அளந்து பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது திரை. 3டி-க்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீன்தான் என் கணிப்பில் 2டி படத்துக்குப் பெரிய எதிரி. 3டி-யில் இரு கண்களுக்கான படங்களைப் பிரித்துவைக்கும் போலரைசேஷனைக் (ஒளி அதிரும் திசையைக்) காப்பாற்ற அலுமினியப் பூச்சு தேவை. அந்தப் பூச்சு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்பாமல் நேரே திருப்பி அனுப்புகிறது. கெயின் 2.4 என்றெல்லாம் சொல்வார்கள். நடு இருக்கையிலிருந்து பார்த்தால் திரையின் நடுவில் ஒரு பிரகாச வட்டம், ஓரங்கள் மங்கல். ஓர இருக்கையில் உட்கார்ந்தால் அந்த வட்டம் உங்கள் பக்கமாக நகர்ந்து எதிர்முனை இருண்டுவிடும். மூலைகளின் வெளிச்சம் நடுப்பகுதியில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. அதிகக் கெயின் திரையில் ஒரே ஒரு இருக்கைக்கு வேண்டுமானால் அதை நிறைவேற்றலாம். லேசர் புரொஜெக்டரைச் சில்வர் ஸ்கிரீனில் போட்டால் வெளிர்ந்த பரப்புகளில் மணல் மணலாக மினுக்கும் ஸ்பெக்கிளும் கூடுதலாகத் தெரியும்.

3டி-யில் புரொஜெக்டர் முன்னாலுள்ள போலரைசரும் நாம் போடும் 3டி மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து எஞ்சவிடுவது கொஞ்சம்தான். தர அளவே 2டி-யின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 15 நிட் வாக்கில். இது தெரிந்த விஷயம். தெரியாதது, அந்த 3டி துணைப்பொருளைக் கழற்றாமலே 2டி படம் ஓட்டுவது. போலரைசர் லென்ஸுக்கு முன்னால் அப்படியே நின்றால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். சோனி 4கே புரொஜெக்டர்களில் 3டி-க்கான இரட்டை லென்ஸைக் கழற்றாமல் 2டி காட்டும் வழக்கத்தை 2011-ல் பாஸ்டன் குளோப் நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. ஆபரேட்டர் ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றை தெரிந்தால் அந்த லென்ஸ் இன்னும் மாட்டியிருக்கிறது என்று பொருள்.

இனி நீங்கள் கேட்ட கறுப்பு. ஓஎல்இடி டிவியில் கறுப்பு என்றால் அந்தப் பிக்சல் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். தியேட்டரின் டிஎல்பி புரொஜெக்டரில் வெளிச்சம் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. சிப்பின் கண்ணாடித் துணுக்குகள் அதை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன, கொஞ்சம் கசியத்தான் செய்யும். சாதாரண டிஎல்பியின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 2000:1 என்றால், 48 நிட் வெள்ளைக்குக் கறுப்பு 0.024 நிட். ஹாலில் வேறு வெளிச்சம் திரையில் விழுவதற்கு அனுமதி 0.03 நிட் மட்டும். இரண்டையும் கூட்டினால் 0.054, கான்ட்ராஸ்ட் 900:1 ஆகச் சுருங்கிவிட்டது. படிக்கட்டு எல்இடி-யும் வெளிவாசல் பலகையும் திரையில் 0.2 நிட் தெளித்தால் மிஞ்சுவது சுமார் 215:1. பத்துப் பங்கில் ஒரு பங்கு. பல லட்சம் செலவில் புரொஜெக்டரை மாற்றினாலும் ஒரு படிக்கட்டு விளக்கின் கோணம் அதை விழுங்கிவிடும். வெளிர் நிறச் சுவர், பளபளக்கும் கூரை, வெளுத்த இருக்கைத் துணி எல்லாம் திரையின் வெளிச்சத்தையே திரும்பத் திரையில் போடும். விளக்குக்கு ஒரு மறைப்புத் தகடு, சுவருக்கு மேட் கறுப்புப் பெயின்ட்: தியேட்டரில் செய்யக்கூடிய ஆக மலிவான தர உயர்வு இதுதான். அதைத்தான் கடைசியாகச் செய்கிறார்கள்.

மாஸ்கிங் திரைச்சீலைகளைக் கழற்றிப் போட்டதும் இதோடு சேர்ந்தது. முன்பு ஸ்கோப், அதைவிட அகலம் குறைந்த ஃபிளாட் இரண்டுக்கும் தக்கபடி கறுப்புத் துணி நகர்ந்து படத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பல புதிய ஹால்களில் மோட்டாரும் இல்லை, துணியும் இல்லை. படத்துக்கு மேலும் கீழும் ஒரு சாம்பல் பட்டை எஞ்சுகிறது. மேலே சொன்ன கசிவு வெளிச்சம்தான் அந்தப் பட்டை. பக்கத்திலேயே அது இருக்கும்போது படத்துக்குள் இருக்கும் கறுப்பும் கண்ணுக்குச் சாம்பலாகவே படும்.

வசனம் புரியாததற்கு வருகிறேன். இதில் இயக்குநர், ஒலிக்கலவை செய்தவர், தியேட்டர் என மூன்று பேருக்கும் பங்கு உண்டு. தியேட்டரின் பங்கை மட்டும் சொல்கிறேன். ஒலிக்கலவை அறையில் திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் பிங்க் நாய்ஸுக்கு (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சலுக்கு) 85 டெசிபல் கொடுக்கும்படி அமைத்துத்தான் படத்தை மிக்ஸ் செய்கிறார்கள். தியேட்டரின் டால்பி பிராசஸரில் அந்த நிலை ஃபேடர் (ஒலியளவு அமைப்பு) 7. தியேட்டரிலும் 7-ல் வைத்தால் மிக்ஸ் செய்தவர் கேட்டது கிடைக்கும். ஆனால் விளம்பரமும் டிரெய்லரும் காது கிழியக் கத்தும். யாராவது எழுந்துபோய்ப் புகார் சொல்வார். ஃபேடர் 5-க்கு இறங்கும். படம் ஆரம்பித்த பிறகு அதை யாரும் ஏற்றுவதில்லை. ஃபேடரில் 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் 3.3 டெசிபல். 7-லிருந்து 5 என்றால் 6.7 டெசிபல் போயிற்று. சண்டைக் காட்சி அப்போதும் போதுமான சத்தத்தோடு இருக்கும். முணுமுணுப்பு ஏசி இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். 4-க்குக் கீழே போனால் இன்னும் மோசம், அங்கே ஒரு எண்ணுக்கு 20 டெசிபல். தியேட்டர்கள் குறைக்கின்றன என்று தெரிந்து படக்காரர்கள் இன்னும் உரக்க மிக்ஸ் செய்ய, அதனால் தியேட்டர்கள் இன்னும் குறைக்க, இது முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. வழி சிக்கலானதல்ல: விளம்பரத்துக்கு ஒரு ஃபேடர் அளவு, படத்துக்கு ஒன்று என்று பிளேலிஸ்டிலேயே கியூ (தானாக மாற்றும் கட்டளை) போட்டுவிடலாம்.

ஃபேடர் சரியாக இருந்தும் வசனம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால், வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரின் ஹை ஃபிரீக்வென்சி டிரைவர் (உயர் சுருதி ஒலியைத் தரும் பகுதி) போயிருக்கும், அல்லது அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கும். வசனத்தில் 'ஸ', 'ச', 'ஃ' போன்ற ஒலிகள் மழுங்கிக் கேட்பது அடையாளம். இசை இடது, வலது ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருப்பதால் "சவுண்ட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று எல்லோருக்கும் தோன்றும். பின்னாலுள்ள ஸ்பீக்கரின் ஒலி கடந்துவர திரையில் இருக்கும் துளைகள் தூசியில் அடைத்துக்கொண்டாலும், துளை வேறு அளவுள்ள புதுத் திரை போட்டபின் ஈக்யூவை (ஒலிச் சமன் அமைப்பை) திருத்தாமல் விட்டாலும் இதே நோய்தான். ஒவ்வொரு சேனலுக்கும் பிங்க் நாய்ஸ் அனுப்பிக் கேட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். செத்துப்போன சரவுண்ட் ஸ்பீக்கரும் கிழிந்த சப்வூஃபரும் அந்த ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் யார் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபிலிம் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். கீறல், ஆட்டம், ஃபோகஸ் தவறுதல், மங்கல் லேம்ப் எல்லாம் அப்போதும் இருந்தன. ஆனால் ரீல் ஓட ஒரு ஆள் அங்கே இருந்தே ஆகவேண்டும். டிஜிட்டலில் சர்வர் நேரத்துக்கு ஓட்டுகிறது, விளக்கை அணைக்கிறது, லென்ஸை நகர்த்துகிறது. ஆபரேட்டர் வேலை மேலாளரின் பல வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கணினித் திரையில் பத்து ஹாலும் பச்சை விளக்குக் காட்டும். லேம்ப் எரிகிறது என்பதை அந்தப் பச்சை சொல்லும். எவ்வளவு எரிகிறது என்று சொல்லாது. ஸ்கோப் படத்துக்கு ஃபிளாட் பிரிசெட் (முன்கூட்டியே சேமித்த அமைப்பு) போடப்பட்டிருந்தால், 3டி பிரிசெட் நின்றுவிட்டிருந்தால், சூடேறி ஃபோகஸ் நகர்ந்திருந்தால், சிவப்பு-பச்சை-நீலச் சிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் எழுத்தோரத்தில் வண்ணம் பிரிந்திருந்தால், அத்தனைக்கும் அங்கே பச்சைதான். ஹாலுக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பார்வையாளராக நீங்கள் சோதிக்க டைட்டில் கார்டு போதும். கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து வரும்போது எழுத்தோரம் கூர்மையாக இருக்கிறதா, சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். நடு எழுத்து கூர்மையாக இருந்து மூலை எழுத்து மழுங்கினால் லென்ஸ் சாய்வு. படம் முழுக் கறுப்புக்குப் போகும் நொடியில் திரையின் விளிம்பு துல்லியமாகத் தெரிந்தால் கசிவு வெளிச்சம் அதிகம். தலை வெட்டுப்பட்டாலோ சப்டைட்டில் துணியில் விழுந்தாலோ பிரிசெட் தவறு.

புகாரை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லுங்கள், "படம் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "ஸ்கோப் படம் ஃபிளாட் பிரிசெட்டில் ஓடுகிறது", "ஃபேடர் எத்தனையில் இருக்கிறது, படத்துக்கு 6-க்கு மேல் வைக்க முடியுமா", "திரைக்கு மேலுள்ள விளக்கு அணையவில்லை", "ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது" என்று சொன்னால் பதில் கிடைக்கும். இவை நான்கும் படம் ஓடும்போதே திருத்தக்கூடியவை. மங்கிய லேம்ப், செத்த டிரைவர், சில்வர் ஸ்கிரீன் இவற்றை அந்தக் காட்சிக்குள் யாராலும் சரிசெய்ய முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்பதும் வேறு ஹாலைத் தேடுவதும்தான் வழி. இருக்கை தேர்ந்தெடுக்க முடிந்தால், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் நடு இருக்கை. ஒலியை அளந்து அமைப்பதும் பொதுவாக அந்த இடத்தை ஒட்டித்தான்.

நல்ல தியேட்டரை வீடு தொடவே முடியாத இடங்கள் உண்டு. ஒவ்வொரு திரைச் சேனலும் 105 டெசிபல் உச்சத்தைச் சிதறாமல் தரவேண்டும் என்பது தியேட்டர் ஒலியின் கணக்கு. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாது. டால்பி சினிமா ஹால்கள் 2டி-க்கே 108 நிட் தருகின்றன, கறுப்பும் ஓஎல்இடிக்கு அருகில் வருகிறது. புரொஜெக்டரே இல்லாத எல்இடி திரைகள் 2017 முதல் தியேட்டர்களில் இருக்கின்றன; எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமுள்ள) படத்தில் 300 நிட் வரை எட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் துளை இல்லாததால் ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைக்க முடியாது, அதனால் வசனம் வாயிலிருந்து வருவதாகத் தோன்றவைப்பது தனி வேலை.

வீட்டிலும் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் டிவி சரியான படத்தைக் காட்டாது. 2019-ல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோடு உங்கள் டிவியில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் சினிமா மோடு, வார்ம் நிறம், மோஷன் ஸ்மூத்திங் (அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் வசதி) முழுக்க ஆஃப். 65 அங்குலத் திரையின் அகலம் 144 சென்டிமீட்டர்; 40 பாகைக்குப் படம் விரிய 2 மீட்டரில் உட்காரவேண்டும். பலர் மூன்றரை மீட்டரில் சோபாவைப் போட்டுவிட்டு 4கே வாங்கியிருக்கிறார்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரை நம்பவேண்டாம். ஏவி ரிசீவர் (தனி ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) இருந்தால் அதன் டெஸ்ட் டோன் எல்லாச் சேனலிலும் உட்காரும் இடத்தில் 75 டெசிபல் காட்டும்படி அமையுங்கள். வால்யூம் 0 என்பது தியேட்டரின் ஃபேடர் 7-க்குச் சமம். சிறிய அறையில் அது தாங்காது, −10 முதல் −15 வரை போதும். அந்த அளவிலும் வசனம் மட்டும் அமுங்கினால் மொத்த வால்யூமைத் தொடாமல் சென்டரை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள்.